எடுத்துவிட்டால் அப்புறம் எப்படி?

வணக்கம் நேயர்களே. பித்தப்பையை எடுக்க வேண்டும் என்று சொன்னதும், எதிரே உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான்: "எடுத்துட்டா அப்புறம் சாப்பாடு எப்படி டாக்டர் செரிக்கும்?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் ஒருவரை ஆபரேஷன் மேசைக்கு அழைத்துப் போகக் கூடாது.

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். அதை வாங்கி வைத்திருந்து, கெட்டியாக்கி, கொழுப்புள்ள உணவு வந்திறங்கும்போது பிழிந்துவிடும் சின்னப் பைதான் பித்தப்பை. சுமார் 50 மில்லிலிட்டர் பிடிக்கும். அந்தப் பை போய்விட்டால் பித்தநீர் கல்லீரலிலிருந்து நேராகக் குடலுக்கு வந்துகொண்டே இருக்கும். சிலருக்குக் கொஞ்ச காலம் வயிறு இளகிப் போகலாம். மற்றபடி சாப்பாடு செரிக்கும்.

சரி, அப்படியானால் பித்தப்பையில் கல் தெரிந்தாலே பையை எடுத்துவிடலாமா? கூடாது. வேறெதற்கோ ஸ்கேன் எடுத்தபோது தெரியவந்த, எந்தத் தொந்தரவும் தராத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு முதுகுவரை போகும் வலி திரும்பத் திரும்ப வந்தால் கதை வேறு. கல் நழுவிப் பித்தக்குழாயை அடைத்தால் மஞ்சள் காமாலை வரும், கணையமும் வீங்கலாம். அந்த நிலைக்குப் போகவிடாமல் தடுக்கத்தான் ஆபரேஷன்.

எப்போது கத்தி வேண்டாம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இரைப்பைப் புண். ஒரு காலத்தில் இதற்காக இரைப்பையில் ஒரு பகுதியையே வெட்டி எடுத்தார்கள். அப்புறம் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு மருத்துவர்கள், பெரும்பாலான புண்களுக்குப் பின்னால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இருப்பதைக் காட்டினார்கள். மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்தப் புண் பெரும்பாலும் மாத்திரையிலேயே ஆறிவிடுகிறது. புண் ஓட்டையாகிவிட்டாலோ, ரத்தக்கசிவு வேறு எதற்கும் நிற்காவிட்டாலோதான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். ஓர் அறுவை சிகிச்சை தேவையில்லாமல் போவதைப் போல ஓர் அறுவை மருத்துவருக்கு மகிழ்ச்சி தருவது வேறில்லை.

குடல்வால் அழற்சியில் நிலைமை நேர்மாறு. வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கும். சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே நிலைகொள்ளும். பசி போய்விடும், இருமினால்கூடச் சுருக்கென்று இருக்கும். எல்லோருக்கும் இதே வரிசையில் வரும் என்றில்லை, ஆனால் வந்தால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வயிறு பலகைபோல இறுகிவிட்டாலும், கறுப்பாக மலம் போனாலும், வயிறு உப்பி வாந்தி எடுத்து, காற்றும் பிரியாமல் நின்றாலும் உடனே கிளம்புங்கள்.

இப்போது இவற்றில் பலவற்றைச் சின்னத் துளைகள் வழியாகவே செய்துவிடுகிறோம். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை நிரப்பிக் கூடாரம்போல உயர்த்திக்கொண்டு, கேமராவை உள்ளே விட்டு, திரையைப் பார்த்து வேலை செய்வோம். மறுநாள், "வயித்துல ஆபரேஷன், தோள் ஏன் வலிக்குது?" என்று பலரும் பயந்து கேட்பார்கள். மிச்சமிருக்கும் வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. அங்கிருந்து வரும் நரம்பும் தோளிலிருந்து வரும் நரம்பும் தண்டுவடத்தில் ஒரே இடத்தில்தான் போய்ச் சேருகின்றன. அதனால் மூளை அதைத் தோள்வலியாக எடுத்துக்கொள்கிறது. ஓரிரண்டு நாளில் அடங்கிவிடும்.

குடலையே வெட்டி இணைத்திருந்தால் நாங்கள் காத்திருப்பது வேறொன்றுக்கு. கை பட்ட குடல் சில நாள் அசையாமல் சுருண்டு கிடக்கும். காலை ரவுண்ட்ஸில் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, "காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்போம். கூச்சப்படாமல் சொல்லுங்கள். குடல் விழித்துக்கொண்டது என்பதற்கு அது நல்ல அடையாளம். அதற்காகத்தான் தையல் இழுத்தாலும் மெல்ல எழுந்து நடக்கச் சொல்கிறோம். கட்டிலைப் பிடித்தபடி நான்கு அடி வைத்தவர், மறுநாள் வராந்தாவின் மறுகோடிவரை போய்த் திரும்பி, "பிரிஞ்சிடுச்சு டாக்டர்" என்று தாழ்ந்த குரலில் சொல்லும்போது, பக்கத்தில் நிற்கும் செவிலியருக்கும் எனக்கும் முகம் மலர்ந்துவிடும்.