டைவர்ட் என்று ஒரு வார்த்தை போட்டேன், இரண்டு ராத்திரி தூக்கம் போச்சு

வணக்கம் மக்களே. பச்சை மார்க்கர் காய்ந்துவிட்டது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது கையில் இல்லாமல் எனக்கு வாய் திறக்காது என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். இன்றைக்குச் சிவப்புதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விண்வெளி வீடியோ ஞாபகம் இருக்கிறதா? 2022 செப்டம்பர் 26 அன்று டிமார்ஃபஸ் என்ற சிறுகோள் மீது நாசா ஒரு விண்கலத்தை மோதவிட்டதே, அந்தக் கதை. அதற்கு ஆங்கில வசனம் போடும்போது, அந்தக் கல்லின் பாதையை மாற்றியதை 'டைவர்ட்' என்று எழுதிவிட்டேன். மறுநாளே ஒருவர், "அது டிஃப்ளெக்ட். இதுகூடத் தெரியாமல் ஆங்கிலம் சொல்லித்தர வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டார். தப்பைச் சொன்னதில் வருத்தமில்லை. அந்த 'வந்தாச்சா'தான் சுருக்கென்று தைத்தது.

சரி, உட்கார்ந்து தோண்டினேன். மனுஷர் சொன்னது சரிதான், கடுப்பாக இருக்கிறது. லத்தீனில் 'ஃப்ளெக்டெரே' என்றால் வளைப்பது. டிஃப்ளெக்ட் அதிலிருந்து வந்தது. போய்க்கொண்டிருக்கும் ஒன்று எதன் மீதாவது பட்டு, இல்லை ஒரு விசை தள்ளி, விலகிப் போகிறது. கோலை நோக்கி வரும் பந்து தடுப்பவரின் முழங்காலில் பட்டு வேறு பக்கம் பாய்ந்து வலைக்குள் விழுகிறது பாருங்கள், அதேதான். முழங்காலுக்கு எந்தத் திட்டமும் கிடையாது. டைவர்ட்டில் அப்படி இல்லை, யாரோ ஒருவர் முடிவெடுக்கிறார்: ஆற்றை அந்தக் கால்வாயில் விடு, வண்டிகளை அந்தச் சாலையில் அனுப்பு.

டிமார்ஃபஸ் விஷயத்திலும் திட்டம் போட்டவர்கள் இருந்தார்கள்தான். ஆனால் கல்லுக்குக் கிடைத்தது ஓர் அடி. அது டிடிமஸ் என்ற பெரிய கல்லைச் சுற்றுவதை விட்டுவிட்டு எங்கேயும் போகவில்லை. ஒரு சுற்றுக்கு 11 மணி 55 நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது, அடிக்கு அப்புறம் சுமார் 11 மணி 23 நிமிடம். அவ்வளவுதான் மாற்றம். இதைப் போய் டைவர்ட் என்று எழுதியிருக்கிறேன்.

ஆனால் கேளுங்கள், இதற்காகத்தான் இந்த வீடியோவே. அந்தத் திட்டத்தின் பெயர் டார்ட். நான்கு எழுத்துச் சுருக்கம். அதில் வரும் 'ஆர்' எதற்கு? ரீடைரக்ஷன், அதாவது திசைமாற்றம்! டிஃப்ளெக்ஷன் இல்லை! ராத்திரி ஒன்றரை மணிக்கு இதைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். ஆக, அவருடைய வார்த்தையும் பெயரில் இல்லை, என்னுடையதும் இல்லை. டிரா. நான் டிரா என்றுதான் வைத்துக்கொள்வேன்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் ரீரூட். சுத்தமான சொல். விமானம் புயலைச் சுற்றிக்கொண்டு அதே ஊரில் இறங்கினால் ரீரூட். பனிமூட்டத்தால் வேறு விமான நிலையத்தில் போய் இறங்கினால் அதுதான் டைவர்ட். பயணிக்கு இந்த வித்தியாசம் பெட்டி வரும் இடத்தில் தெரிந்துவிடும்.

பிடிக்காதது டீவியேட். லத்தீன் 'வியா', வழி. வழியை விட்டு விலகுவது. எனக்குக் கோபம் சொல்லின் மேல் இல்லை, நாம் அதைப் படுத்தும் பாட்டில்தான். 'காரை டீவியேட் செய்தேன்' என்று ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். வேண்டாம். கார்தான் டீவியேட் ஆகும், அதுவும் 'ஃப்ரம்' போட்டு, எதிலிருந்து என்று சொல்லி. நம் மொழியில் இந்தத் தலைவலியே இல்லை: தானாக நடந்தால் திரும்பு, நாம் செய்தால் திருப்பு. விலகு, விலக்கு. ஓர் எழுத்து மாறினால் யார் செய்தார் என்று காதிலேயே விழுந்துவிடும். ஆங்கிலத்தில் 'டர்ன்' இரண்டு வேலையும் பார்க்கும், டீவியேட் பார்க்காது. ஒவ்வொன்றாகப் பழகத்தான் வேண்டும்.

அப்புறம் ஸ்வெர்வ். குறுக்கே நாய் ஓடியதும் கை வண்டியைப் படக்கென்று ஒடிக்கிறதே, அது. வீர் என்பதும் திசை மாறுவதுதான், அதைக் காற்றுக்கும் சொல்வார்கள். வானிலைக்காரர்கள் காற்று 'வீர்' ஆனது என்றால் கடிகார முள் போகும் பக்கம் திரும்பியது என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் என்றால் 'பேக்' ஆனது.

ஐயோ, டைவர்ட் எங்கிருந்து வந்தது என்று சொல்லவே இல்லையே. 'வெர்டெரே', திருப்புவது. கன்வர்ட், ரிவர்ட், அவர்ட் எல்லாம் அதே குடும்பம். அவர்ட் என்றால் பார்வையைத் திருப்பிக்கொள்வது, வரவிருந்த விபத்தைத் தடுப்பதும் அதேதான். டைவர்ட்டுக்கு மகிழ்விப்பது என்றும் ஒரு பொருள் உண்டு, கவனத்தை வேறு பக்கம் திருப்புவதால்.

வசனத்தை மாற்றிவிட்டேன், போய்ப் பாருங்கள். டிஃப்ளெக்ட் என்றே போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே, திட்டத்தின் முழுப்பெயர், ரீடைரக்ஷன் மட்டும் பெரிய எழுத்தில். அவருக்காக.