மொழி எடுக்கிற கதை

(கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் பேசியது. திரும்பத் திரும்பச் சொன்னதை மட்டும் எழுதும்போது எடுத்துவிட்டேன்.)

எல்லோருக்கும் வணக்கம். வண்டிப்பெரியாறிலிருந்து கூட இந்த மழையில் வந்திருக்கிறீர்கள். தகரத்தில் விழுகிற சத்தத்துக்கு மேலே என் தொண்டை எழும்பாது. பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள்.

அழைப்பிதழில் ‘தடயவியல் உளவியல்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். காலையில் டீக்கடையில் ஒருவர், “என்ன சார், பொணத்தைப் பத்திப் பேசப் போறீங்களாமே?” என்றார். பிணத்தை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் பேசப் போவது உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றி. கண்ணால் பார்த்தவர், அடிபட்டவர், செய்தவர், செய்யாமலே செய்தேன் என்று ஒப்புக்கொண்டவர். இவர்களிடம் கேள்வி கேட்பது ஒரு தொழில். அந்தத் தொழில் எங்கே சறுக்குகிறது என்பதை நூறு வருடத்துக்கு மேலாக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் ‘மொழி’ என்று ஒரு சொல் புழங்குகிறது. ஸ்டேஷனில் வாக்குமூலம் வாங்குவதற்கு மலையாளத்தில் மொழி எடுப்பது என்று பேர். நாமும் “மொழி எடுத்தாங்க”, “மொழி கொடுத்துட்டு வந்தேன்” என்றுதான் சொல்கிறோம். இதையே மதுரையில் போய்ச் சொன்னால் எந்த மொழி என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியும் நியாயம்தான். தமிழில் பேசுகிறவர் சொல்வதை மலையாளத்தில் எழுதி எடுக்கும்போது நடுவில் என்ன ஆகிறது?

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பதினைந்து வருடம் இருக்கும். எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற ஒரு லயத்தில் தண்ணீர்க் குழாய்ச் சண்டை. ஒரு பெரியவர் படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்திதான் பார்த்த சாட்சி. எனக்குத் தெரிந்த குடும்பம் என்பதால் துணைக்குப் போயிருந்தேன். எந்த ஸ்டேஷன் என்பது இப்போது வேண்டாம். ரைட்டர் நல்ல மனிதர், டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெண் சொன்னது, “அவன் கையால தள்ளுனான்”. ஆனால் நம்மில் பல பேருக்கு ‘ள’ நாக்கில் வராது, அவளுக்கும் வரவில்லை. “தல்லுனான்” என்றாள். மலையாளத்தில் தள்ளுவது வேறு, தல்லுவது வேறு. தல்லு என்றால் அடி. ரைட்டர் காதில் விழுந்ததை எழுதினார்: கையால் அடித்தான்.

அடுத்த கேள்வி, “எத்தனை தடவை?” அவள் “ஒரு தடவைதான்”. “எங்கே?” “தோள்பட்டையில.” எல்லா பதிலும் சரியாகப் பொருந்தின. தள்ளினாலும் தோளில்தான் கை படும், அடித்தாலும் தோளில்தான் படும். எனக்கே அன்று உறைக்கவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் நிற்கும்போதுதான் உறைத்தது. திரும்பப் போய்ச் சொன்னேன். ரைட்டர் சிரித்துக்கொண்டே, “ரெண்டும் ஒன்னுதானே மாஷே” என்றார். அவருக்கு ஒன்று. உள்ளே உட்கார்ந்திருந்த பையனுக்கு ஒன்றா?

இதைவிட எனக்கு உறுத்தியது அப்புறம் நடந்ததுதான். ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணைச் சந்தையில் பார்த்தேன். “அன்னைக்கு என்னம்மா நடந்தது?” என்றேன். “குழாய்க்கிட்ட அடிச்சான் சார்” என்றாள். அவளுக்கு யார் மேலும் பகை கிடையாது, பொய் சொல்லவும் இல்லை. திரும்பத் திரும்ப அடி, அடி என்று கேட்டுக் கேட்டு, அவளுக்குள் இருந்த படத்திலேயே கை ஓங்கிவிட்டது.

இது சாத்தியமா என்று சந்தேகம் வேண்டாம். 1974-இல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இருவர் இதைச் சோதித்துக் காட்டினார்கள். மாணவர்களுக்குக் கார் விபத்துப் படத்துணுக்குகளைப் போட்டுக் காட்டி, கார்கள் எவ்வளவு வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரே ஒரு வினைச்சொல்லைத்தான் மாற்றினார்கள். நொறுங்க மோதியபோது என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.5 மைல் என்றார்கள். ஒன்றையொன்று தொட்டபோது என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 என்றார்கள். படம் அதேதான். இன்னொரு 150 பேரிடம் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ‘நொறுங்க மோதிய’ கேள்வியைக் கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள். ‘இடித்த’ என்று கேட்ட 50 பேரில் 7 பேர்தான். அங்கே வினைச்சொல்லை மாற்றினார்கள். நம் லயத்தில் அதை ஒரு லகரம் செய்துவிட்டது.

சரி, நாம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு மேலேதான் மங்கலதேவி மலை. வருடத்தில் சித்ரா பௌர்ணமி ஒரு நாள் திறக்கிறார்கள். ஜீப்புக்கு வரிசையில் நின்று போய்க் கண்ணகியைக் கும்பிட்டுவிட்டு வருகிறோம். கோவலன் வழக்கை என்றாவது விசாரணை என்கிற கண்ணால் பார்த்திருக்கிறீர்களா? புகார் சொன்ன பொற்கொல்லன்தான் திருடன். ராஜா குற்றம் சாட்டப்பட்டவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன காவலர்களுக்கே இவன் கள்வன் மாதிரி தெரியவில்லை, சொல்லவும் செய்தார்கள். உடனே பொற்கொல்லன் சிரித்துவிட்டு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று களவு சாஸ்திரத்தையே எடுத்து விட்டான். நிபுணர் பேசிய பிறகு காவலர் வாய் அடைத்துவிட்டது. குடிவெறியில் இருந்த ஒருவன் வெட்டிவிட்டான். கண்ணகி பிற்பாடு சிலம்பை உடைத்துப் பரலைக் காட்டினாள். அந்தப் பரல் சோதனையை முதல் நாளே செய்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

ஆளைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்கிற நம்பிக்கை இன்றும் போகவில்லை. நமக்குத் ‘திருட்டு முழி’ என்று தனியாக ஒரு வார்த்தையே இருக்கிறது. இது நமக்கு மட்டும் உள்ள வியாதியும் அல்ல. 58 நாடுகளில், பொய் சொல்கிறவரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார்கள். அதிகம் பேர் சொன்ன பதில், கண்ணைப் பார்க்க மாட்டான் என்பதுதான். 2006-இல் பாண்ட், டெபாலோ என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த சோதனைகளைக் கூட்டிப் பார்த்தார்கள். சுமார் 24,000 பேரின் கணிப்பு. பொய்யா உண்மையா என்று சரியாகச் சொன்னது 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த ஆள் எஸ்.ஐ. முன்னால் தலையைக் குனிந்துகொண்டுதான் நிற்பார். அவருக்கு அது மரியாதை. நிமிர்ந்து கண்ணைப் பார்த்தால் திமிர் என்பார்கள், குனிந்தால் திருட்டு முழி என்பார்கள். அந்த மனிதர் பார்வையை எங்கேதான் வைப்பது?

அடையாளம் காட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். 1984-இல் அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் ஒரு கல்லூரி மாணவி பலாத்காரத்துக்கு ஆளானாள். அந்த நேரத்திலும் அவன் முகத்தை மனப்பாடம் செய்ய வேண்டும் என்று உறுதியோடு இருந்தாள். படங்களில் ரொனால்ட் காட்டன் என்பவரைக் காட்டினாள். பிறகு வரிசையில் ஆட்களை நிறுத்தினார்கள். படத்திலும் இருந்து வரிசையிலும் நின்றவர் காட்டன் ஒருவர்தான். அவரையே காட்டினாள், நீ படத்தில் காட்டியதும் இவனைத்தான் என்று போலீஸ் சொன்னது. அதோடு அவள் சந்தேகம் எல்லாம் போய்விட்டது. மறுவிசாரணையில் உண்மையான குற்றவாளியையே கோர்ட்டில் அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இவனை நான் பார்த்ததே இல்லை என்றாள். காட்டன் பத்து வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 1995-இல் டி.என்.ஏ. அவரை வெளியே கொண்டுவந்தது.

டிவியில் கைதானவர் முகத்தைத் துணி போட்டு மூடிக் கூட்டிப் போவதைப் பார்த்து, என்ன வெட்கம் வேண்டியிருக்கிறது என்று திட்டுகிறோம். வெட்கத்துக்காக அல்ல. பின்னால் மாஜிஸ்ட்ரேட் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடக்கும்போது, சாட்சி காட்டுவது சம்பவ இடத்தில் பார்த்த முகமாக இருக்க வேண்டும். டிவியில் பார்த்த முகமாக இருக்கக் கூடாது. நம் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் துணிக்கு முன்னாலேயே போட்டோ வந்துவிடுகிறது என்பது தனிக் கதை.

செய்யாத குற்றத்தை யாராவது ஒப்புக்கொள்வார்களா? அடித்தால் ஒப்புக்கொள்வான், அது தெரியும் என்பீர்கள். அடிக்காமலும் ஒப்புக்கொள்கிறார்கள். கிஸ்லி குட்ஜோன்சன் ஐஸ்லாந்துக்காரர். பிற்காலத்தில் இந்தத் துறையின் பெரிய ஆள். இளமையில் அங்கே போலீஸில் இருந்தார். பணப்பை திருட்டு என்று ஒரு பெண் புகார் கொடுத்தாள். வீட்டுக்கு வந்துபோன ஒரு குடிகாரர் மேல் சந்தேகம். குட்ஜோன்சன் விசாரித்தார். முதல் நாள் என்ன செய்தோம் என்று அந்தக் குடிகாரருக்கே நினைவில்லை. நான்தான் எடுத்திருப்பேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். பிறகு பார்த்தால் பை தொலையவே இல்லை, எங்கேயோ வைத்து மறந்திருக்கிறாள். தன் நினைவின் மேலேயே நம்பிக்கை இழந்த ஆளிடம் எதையும் ஒப்புக்கொள்ள வைக்கலாம் என்பதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் கிடையாது. பெரிய உதாரணமும் அதே நாட்டில்தான். 1974-இல் இரண்டு ஆண்கள் காணாமல் போனார்கள். உடல் கிடைக்கவில்லை. ஆறு பேர் தண்டிக்கப்பட்டார்கள். சிலரை 600 நாளுக்கு மேல் தனிச்சிறையில் வைத்திருந்தார்கள். அதில் ஐந்து பேரை 2018-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 1974 இந்தத் துறையோடு ஏதோ கணக்கு வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டு, பர்மிங்காம் குண்டுவெடிப்புகளும் அந்த வருடம்தான். அதில் பொய் ஒப்புதலால் உள்ளே போனவர்கள் 1989-லும் 1991-லும் வெளியே வந்தார்கள்.

திருடனுக்கு மட்டும் தெரிந்த விவரத்தைச் சொல்லிவிட்டானே என்று ஒரு வாதம் உண்டு. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் பிராண்டன் காரெட், டி.என்.ஏ.வால் விடுதலையான முதல் 250 பேரின் கோப்புகளைப் படித்தார். பொய்யாக ஒப்புக்கொண்டவர்கள் 40 பேர். அதில் 38 வழக்கில், குற்றவாளிக்கு மட்டுமே தெரியக்கூடிய விவரம் அந்த வாக்குமூலத்தில் இருந்ததாகச் சொல்லப்பட்டது. செய்யாதவனுக்கு அது எப்படித் தெரியும்? கேட்டவர் கேள்வியிலிருந்துதான். தல்லு, தள்ளு கதைதான் இதுவும், கொலை வழக்கில்.

நம் நாட்டில் பிரிட்டிஷ்காரன் காலத்திலிருந்தே போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சாட்சிய சட்டத்திலும் அப்படித்தான். அவர் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், கண்டெடுத்தது தொடர்பான பகுதி மட்டும் செல்லும். உண்மை ஊசி, பொய் கண்டுபிடிக்கும் மெஷின் இதையெல்லாம் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்று செல்வி வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்கு உபயோகமான இரண்டு விஷயம்: விசாரணையில் போலீஸ் எழுதுகிற சாட்சி மொழியில் கையெழுத்து வாங்கக் கூடாது, நீங்களே கொடுக்கும் முதல் புகாருக்குத்தான் கையெழுத்து. பெண்களையும், 60 வயது தாண்டியவர்களையும் சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

பின்னே எப்படித்தான் விசாரிப்பது என்று போலீஸ் நண்பர்கள் கேட்பார்கள். அடிவாங்கிய இங்கிலாந்து 1990-களில் தன் முறையையே மாற்றிக்கொண்டது. ஒப்புக்கொள்ள வைப்பதை விட்டு, விவரம் சேர்ப்பதைக் குறியாக வைத்தது. ஸ்வீடனில் ஒரு சோதனை: கையில் இருக்கும் ஆதாரத்தை முதலிலேயே எடுத்து வீசாமல், ஆளை முழுதாகப் பேசவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வைக்கப் போலீஸ் பயிற்சி மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றவர்கள் 85 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்தார்கள், கல்லாதவர்கள் 56. சீட்டாடத் தெரிந்த யாருக்கும் இது புரியும்.

சாட்சிகளுக்கு வேறு முறை. ஃபிஷர், கைசல்மேன் என்ற அமெரிக்கர்கள் 1980-களில் உண்டாக்கினார்கள். முதலில் அந்த இடத்துக்கும் நேரத்துக்கும் சாட்சியை மனதால் கூட்டிப் போக வேண்டும். சின்னது பெரியது பார்க்காமல் எல்லாவற்றையும் சொல்லவிட வேண்டும். குறுக்கே பேசக் கூடாது. கேட்க எளிது. போலீஸ்காரரோ வாத்தியாரோ செய்ய ரொம்பக் கஷ்டம். எனக்கே வாய் துருதுருக்கும்.

ஒரு தடவைதான் அதை இங்கே முழுதாகப் பார்த்தேன். ஏலக்கா ஸ்டோரில் மூட்டை திருட்டு. பக்கத்துக் குடிசைப் பாட்டி, என் பழைய மாணவனின் பாட்டி, ராத்திரி ஜீப்பைப் பார்த்திருக்கிறார். முதலில் எடுத்த மொழியில் இருந்தது மூன்று வரி. ஜீப் பார்த்தீர்களா, ஆமா. வெள்ளை ஜீப்பா, ஆமா. எத்தனை பேர், தெரியாது.

இரண்டாவது வந்தது ஒரு பெண் அதிகாரி, மலையாளி. நாற்காலியை விட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். “அம்மச்சி, தமிழ்லயே சொல்லுங்க, புரியலேன்னா நான் கேக்கறேன். அன்னைக்கு ராத்திரி சாப்பாடு என்ன?” என்றார். அவ்வளவுதான். பாட்டி கருவாட்டில் ஆரம்பித்தார். கரண்டு இல்லை, விளக்கில் எண்ணெய் இல்லை, ஆடு கத்தியது, சினையாடு, அதைக் கட்டப் போனேன், மழைக்கு முன்னால் வருமே ஒரு குளிர், டீசல் நாத்தம். அதிகாரி ஒரு வார்த்தை பேசவில்லை. இருபது நிமிடம் கழித்துத்தான் ஜீப் வந்தது. பின்பக்கம் ஒரு விளக்குக்குக் கண்ணாடி கிடையாது, சிவப்புப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தது. ரிவர்ஸில் ஏறும்போது அந்தக் கயிற்று நுனி ஆடியதுகூட அவருக்குத் தெரிந்திருக்கிறது. வெள்ளை ஜீப்தானே என்று நான் வாய் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். “ராத்திரில வெள்ளையும் கருப்பும் யாரு கண்டா?” என்றார்.

அதிகாரி போன பிறகு, “இதையெல்லாம் மொதல்ல வந்தவுக கிட்டயே சொல்லியிருக்கலாம்ல பாட்டி?” என்றேன்.

“அவுகதான் பேசிக்கிட்டே இருந்தாகளே தம்பி. பெரிய மனுசன் பேசும்போது நடுவுல எப்படிப் பேசுறது?”