கணவர் கார்டு, மனைவி நகை

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வங்கியில், பெரும்பாலும் நகைக்கடன் பிரிவில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது சேலத்தில் மகளிர் குழுக்களோடு உட்கார்ந்து வீட்டுக் கணக்கு பார்க்க உதவி வருகிறேன். கிரெடிட் கார்டு கடனைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கார்டு ஒருவர் பெயரில் இருக்கிறது; அடைக்கக் கை கொடுப்பது அவருடைய மனைவியோ கணவரோ. அந்த உதவியை எப்படிச் செய்தால் கடனும் தீரும், கை கொடுத்தவரும் ஏமாறாமல் இருப்பார் என்பதுதான் என் பேச்சு.

முதலில் வட்டி. நம் பக்கத்தில் வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று யாரும் பேசுவதில்லை. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், ஒன்றரை ரூபாய் என்றுதான் பேசுவோம். மூன்று ரூபாய் வட்டி என்றால் அம்மாப்பேட்டையில் தறி வைத்திருப்பவரும் சரி, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரும் சரி, ரொம்ப யோசித்துத்தான் வாங்குவார். கார்டு வட்டியையும் அதே கணக்கில் சொல்லிப் பாருங்கள். பல கார்டுகளில் மாதத்துக்கு மூன்றரை சதவீதம், சிலவற்றில் 3.75. அந்த வட்டியின்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மூன்றரை ரூபாய் வட்டி இப்படி நாலு ரூபாய் பதின்மூன்று காசு ஆகிவிடும். நகைக்கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது, கார்டு வட்டிக்கு உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை.

அரசாங்கம் பார்த்து இதைக் குறைக்காதா என்று கேட்கிறார்கள். கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. அதனால் வட்டி குறையட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது மினிமம் டியூ, அதாவது மாதம் குறைந்தது இவ்வளவாவது கட்ட வேண்டும் என்று வங்கி சொல்லும் தொகை. ஒரு லட்சம் பாக்கி இருக்கிறது, ஐந்து சதவீதம், அதாவது ஐயாயிரம் கட்டினால் போதும் என்று ஸ்டேட்மென்ட் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாசாமாசம் தவறாமல் கட்டுகிறோமே என்று நிம்மதியாக இருப்பார்கள். அந்த ஐயாயிரத்தில் 4,130 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய்விடும். கடனில் குறைவது 870 ரூபாய். கார்டில் ஒரு பைசாகூடப் புதிதாகச் செலவழிக்காமல் மினிமம் மட்டும் கட்டிக்கொண்டு போனால், கடன் பாதியாகக் குறையவே ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும். அதே ஒரு லட்சத்துக்கு மாதம் பத்தாயிரம் என்று நிலையாகக் கட்டினால் பதினான்காவது மாதத்தில் முடிந்துவிடும்.

நகைக்கடன் கவுன்டரில் நான் அடிக்கடி பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பெண் வருவார். கையில் ஆரமோ வளையலோ இருக்கும். "எதுக்கும்மா இவ்வளவு?" என்று கேட்டால், "அவருக்கு ஏதோ பேங்க்ல கட்டணுமாங்க" என்பார். எவ்வளவு கடன், எத்தனை கார்டு, என்ன வட்டி, எதுவும் தெரியாது. கேட்டால் வீட்டில் சண்டை வரும் என்று கேட்காமலே வந்திருப்பார். நகை உள்ளே போகும், பணம் கார்டுக்குப் போகும். சில மாதம் கழித்து அதே பெண் இன்னொரு நகையோடு வருவார். கார்டு மறுபடி நிறைந்திருக்கும். பாக்கி சுழியானதும் கார்டில் பழையபடி ஒரு லட்சம் இடம் திறந்துவிடுகிறது, அதைப் பயன்படுத்தியிருப்பார்கள். இப்போது வீட்டுக்கு இரண்டு கடன். எனக்கு மனசு ரொம்ப வலித்த விஷயம் இது.

அதனால் நகையைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு பேரும் ஒரு நாள் சாயந்திரம் உட்காருங்கள். பிள்ளைகள் தூங்கின பிறகு உட்கார்ந்தால் இன்னும் நல்லது. எல்லா ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து வையுங்கள். ஒரு கார்டுதான் என்று சொன்னவரிடம் இரண்டாவது கார்டு இருக்கும், அதை அடைக்க மொபைல் ஆப்பில் வாங்கிய கடன் ஒன்றும் இருக்கும். அது வெளியே வரும்போது கத்தாதீர்கள். கத்தினால் மூன்றாவது வெளியே வராது. கடன் வாங்கியவரையும் நான் குற்றவாளி என்று பார்க்கவில்லை. வெள்ளி விலை 2025-ல் ஏறிய ஏற்றத்தில் பல கொலுசுப் பட்டறைகளில் வேலை குறைந்தது. நூல் விலை ஏறினால் தறிக்காரருக்கு அடி. அந்த மாதத்து ஆஸ்பத்திரிச் செலவும் ஜூன் மாதத்துப் பள்ளிக் கட்டணமும் கார்டில்தான் போயிருக்கும். ஆனால் காரணம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் தொகையை மறைக்கக் கூடாது. தன் உழைப்பையும் நகையையும் கொடுக்கப் போகிறவருக்கு முழுக் கணக்கையும் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

கணக்கு தெரிந்ததும் கார்டை நிறுத்துங்கள். பீரோவில் வைத்துப் பூட்டினால் போதாது. இப்போது ரூபே கிரெடிட் கார்டைப் போனில் யூபிஐயோடு இணைத்திருக்கிறார்கள். தெருவோரத்தில் தட்டுவடை செட் சாப்பிட்டு ஸ்கேன் செய்தால் அதுவும் கார்டில் ஏறும். இன்னொன்றும் இருக்கிறது. கார்டில் வாங்கியதற்குக் கடைசித் தேதி வரை வட்டி இல்லை என்பார்களே, பாக்கியை முழுசாகக் கட்டாமல் விட்டவருக்கு அந்த வட்டியில்லா நாட்கள் கிடையாது. புதிதாக வாங்குகிற ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். அதனால் போனிலிருந்து கார்டை நீக்குங்கள், தானாகப் பணம் எடுக்கும் சந்தாக்களை ரத்து செய்யுங்கள். கார்டை வைத்து ஏடிஎம்மில் பணம் எடுப்பதை மறந்தே விடுங்கள்; அதற்குத் தனிக் கட்டணம், முதல் நாளிலிருந்தே வட்டி.

சரி, இப்போது நகைக்கு வருவோம். வங்கியில் நகைக்கடன் வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு 9-லிருந்து 12 சதவீதத்துக்குள் இருக்கிறது. நம் கணக்கில் சொன்னால் முக்கால் ரூபாயிலிருந்து ஒரு ரூபாய். நாலு ரூபாய்க்கு மேலே இருக்கும் கடனை ஒரு ரூபாய்க் கடனாக மாற்றுவது நல்ல வழி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாதம் பத்தாயிரம் கட்டக்கூடிய குடும்பம் ஒரு ரூபாய் வட்டியில் அதே ஒரு லட்சத்தைப் பதினோரு மாதத்தில் முடித்துவிடும். கார்டில் கட்டியதைவிட இருபத்தையாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் மிச்சம்.

ஆனால் கார்டு பாக்கி சுழியான அன்றைக்குக் கடன் தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். நகை திரும்பி வீட்டுக்கு வந்த பிறகுதான் தீர்ந்தது. அந்த நகை மனைவியுடையது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: சீதனம் மனைவியின் தனிச்சொத்து, கணவனும் மனைவியும் கூட்டாக வைத்திருக்கும் சொத்து ஆகாது. கஷ்ட காலத்தில் கணவர் அதைப் பயன்படுத்தலாம், ஆனால் அதையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுக்கும் தார்மீகக் கடமை அவருக்கு இருக்கிறது. ஆகவே, அடகு மனைவி பெயரிலேயே இருக்கட்டும், ரசீதும் அவரிடமே இருக்கட்டும். எந்த நகை, எத்தனை கிராம், எந்தத் தேதி, எதற்காக வைத்தது என்று ஒரு நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன கையெழுத்து என்று மாமியார் வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். எழுதி வைத்த வீடுகளில்தான் நகை திரும்பி வந்ததை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வங்கி நகைக்கடன்களில் பல, ஒரே தவணையாக வருஷக் கடைசியில் கட்டுகிற வகை. அதில்தான் நழுவுவார்கள். கேட்பவர் யாருமில்லை என்பதால் மாசாமாசம் கட்டாமல், கடைசியில் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துவிடுவார்கள். கடைசியில் ஏல நோட்டீஸ் வரும். கார்டுக்குக் கட்டிக்கொண்டிருந்த தொகையை மறு மாதமே நகைக்கடனுக்குக் கட்டத் தொடங்குங்கள். நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட வங்கி அனுமதிக்கிறதா என்று அடகு வைக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நகை இல்லாத வீடுகளும் இருக்கின்றன. அவர்கள் கார்டு கொடுத்த வங்கியிடமே பாக்கியைத் தவணையாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். வட்டி பாதிக்குப் பாதிகூடக் குறையும். மனைவி பெயரில் தனிநபர் கடன் எடுத்து அடைக்கலாம் என்று ஒரு யோசனை சொல்வார்கள். கையெழுத்துப் போட்ட அந்த நிமிஷமே கடன் மனைவியுடையதாகிவிடும். அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். இரண்டு மூன்று கார்டு இருந்தால், எல்லாவற்றுக்கும் மினிமம் கட்டிவிட்டு, மிச்சம் இருப்பதை வட்டி அதிகமுள்ள கார்டில் போடுங்கள்.

நம் மாவட்டத்தில் வருமானம் மாசச் சம்பளமாக வருவது குறைவு. தறிக்கூலி பலருக்கு வாரக்கூலி. இளம்பிள்ளையில் புடவைக்குத் தீபாவளியும் பொங்கலும்தான் சீசன். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் கையில் காசு புரளும், அப்புறம் வறண்டுவிடும். கார்டு வட்டி நாள் கணக்கில் ஓடுகிறது. அதனால் கடைசித் தேதி வரட்டும் என்று பணத்தை வைத்திருக்காதீர்கள். சனிக்கிழமை கூலி வந்ததா, ஆயிரமோ ஐந்நூறோ அன்றைக்கே கார்டில் கட்டிவிடுங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் கட்டலாம். சீசன் பணம் வந்தால் புதுத்துணிக்கு முன்னால் இதற்கு ஒரு பங்கு எடுத்து வையுங்கள்.

வசூல்காரர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கணவர் கார்டுக்கு மனைவி கையெழுத்துப் போடவில்லை என்றால், அந்தக் கடனைக் கட்டும் சட்டப் பொறுப்பு மனைவிக்கு இல்லை. நீங்கள் கட்டுவது உங்கள் விருப்பம், உங்கள் அன்பு. காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பின்னாலும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மிரட்டுவது, அக்கம்பக்கத்தில் அவமானப்படுத்துவது, சொந்தக்காரர்களுக்குத் தொந்தரவு கொடுப்பது எல்லாமே தவறு. முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவே கிடையாது. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. தயவுசெய்து யாரும் பயந்து தப்பான முடிவுக்குப் போகாதீர்கள். கார்டு பாக்கி சிவில் விவகாரம். பேசித் தீர்க்க முடியும்.

பேசித் தீர்ப்பது என்றதும் செட்டில்மென்ட் என்று ஒன்று சொல்வார்கள். ஒரு லட்சத்துக்கு அறுபதாயிரம் கொடுங்கள், முடித்துவிடலாம் என்பார்கள். வேறு வழியே இல்லாதவர்களுக்கு அது சரிதான். ஆனால் சிபில் பதிவில், அதாவது நாம் கடனை எப்படிக் கட்டினோம் என்று வங்கிகள் பார்க்கும் பதிவில், முழுசாகக் கட்டி முடித்ததாக வராது, செட்டில்டு என்றுதான் வரும். பின்னால் வீட்டுக்கடனோ தறிக்கடனோ கேட்கப் போகும்போது அது குறுக்கே நிற்கும். முடிந்தவரை முழுசாகக் கட்டுங்கள்.

கட்டி முடித்ததும் கார்டு வேண்டாமென்றால் மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதித்திருக்கிறது. பாக்கி இல்லை என்ற கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். சில வாரம் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கை இலவசம். அதில் அந்தக் கார்டு மூடப்பட்டது என்று வந்திருக்கிறதா, பாக்கி சுழியா என்று பார்த்துவிட்டு, கடிதத்தையும் அறிக்கையையும் நகை ரசீது இருக்கும் அதே கவரில் போட்டு வையுங்கள்.

நன்றி, வணக்கம்.