கூடம் கோணலா, பூட்டா?

அவைத் தலைவர் அவர்களே, மேடையிலிருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, பர்லியார் பக்கம் மண் சரிந்து கிடந்தும் கோத்தகிரி சுற்றிக் குன்னூர் வந்து சேர்ந்த பேராசிரியர் அம்மா அவர்களே, படுகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, கடைசி வரிசையில் கம்பளிக் குல்லாயோடு நிற்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். சால்வைக்கு நன்றி. இந்தக் குளிருக்கு அது மரியாதை மட்டுமில்லை, மருந்தும்தான்.

மூன்று விஷயம் பேச வந்தேன். டீப் பர்ப்பிள் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவின் 'மேட் இன் ஜப்பான்' ஆல்பம் ஒன்று. நம் கேசட் காலம் இரண்டு. நம் நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களின் குழலிசையை அவர்கள் வாசிக்கும் இடத்திலேயே ஏன் பதிவு செய்யவேண்டும் என்பது மூன்று.

1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவிலும், 17 அன்று டோக்கியோ புடோகான் அரங்கிலும் அந்தக் குழு வாசித்ததுதான் இந்த ஆல்பம். அப்போது உள்ளுக்குள் நிலவரம் சரியில்லை. ஓயாத பயணம். பாடகர் இயன் கில்லன் முந்தின வருடம் கல்லீரல் நோயில் படுத்து எழுந்தவர். அவருக்கும் கிட்டார் வாசிக்கும் ரிட்ச்சி பிளாக்மோருக்கும் ஒத்துப்போகவில்லை. மேடைப் பதிவிலேயே குழுவுக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. ஜப்பான் கம்பெனி கேட்டதால் சம்மதித்தார்கள். ஆனால் கேட்டுப் பாருங்கள். ஒரு பாட்டில் அந்த இருவரும் கேள்வி பதில் நடத்துகிறார்கள். கிட்டார் சொன்னதைக் குரல் அப்படியே திருப்பிச் சொல்கிறது. வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி, தேர் அன்றைக்கு ஒரே வடத்தைப் பிடித்த மாதிரி. அடுத்த வருடம் ஜூனில் அதே ஒசாகாவில் கடைசியாகப் பாடிவிட்டு கில்லன் விலகினார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்களுக்கு ஆடத் தெரியும், கூடமும் இருந்தது. ஆனால் அந்தக் கூடம் அவர்களுக்கும் எப்போதும் எளிதாகக் கிடைக்கவில்லை. 1971 டிசம்பர் 4 அன்று சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோவில், இவர்கள் பதிவுக்கு நம்பியிருந்த கசினோ எரிந்துபோனது. அடுத்த இடத்தில் சத்தம் தாங்கவில்லை என்று புகார், போலீஸ். கடைசியில் குளிர்காலத்துக்கு மூடிக் கிடந்த ஒரு ஹோட்டலின் தாழ்வாரத்தில் மெத்தைகளை அடுக்கிவைத்து வாசித்தார்கள். கூடத்துக்கு அலைவது நமக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை.

நம் கதைக்கு வருகிறேன். போன வருடம் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுப் பையன்கள் நாலு பேர், இரண்டு கிட்டாரும் ஒரு டிரம்முமாக என்னிடம் வந்தார்கள். பழகுவதற்குப் பொதுக்கூடம் வேண்டும். சரி என்று ஓர் அலுவலகத்துக்குப் போனோம். சாவி வாட்ச்மேனிடம் என்றார்கள். வாட்ச்மேன் அரவங்காட்டில் கல்யாணத்தில். போனோம். மனுஷன் பந்தியில் பாயசத்தில் இருந்தார். இலையில் வைத்த கண்ணை எடுக்காமல், "சாவி ஆபீஸ் டிராயரில்தானே சார் இருக்கு" என்றார். திரும்பினோம். டிராயரும் பூட்டு! அந்தச் சாவி அதிகாரியின் பையில். அதிகாரி ஊட்டியில், மீட்டிங்கில். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருவழியாகத் திறந்தால், உள்ளே தரையிலிருந்து கூரை வரை உடைந்த நாற்காலி. ஆடத் தெரிந்தவனுக்குக் கூடம் கோணலாக இருந்தால்கூடப் பரவாயில்லை ஐயா, நாற்காலியாக இருந்தால் எங்கே ஆடுவான்?

பையன்கள் தேயிலை எடை போடும் ஷெட்டில் வாசித்தார்கள். தகரக் கூரையில் மழை. செல்போனில் பதிவு செய்ததைக் கேட்டேன்; டிரம் எது, மழை எது என்று தெரியவில்லை. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சாக்காக வைத்து அந்த அலுவலகம் சும்மா இருந்துவிடக் கூடாது.

தலைவர் மணியடித்துவிட்டார். கேசட்டும் கோத்தர் குழலும் இன்னொரு நாள். வாரத்தில் மூன்று சாயங்காலம் கூடத்தைத் திறந்துவைக்கக் கேட்கும் மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. உறுப்பினர் அவர்களே, முதல் கையெழுத்து உங்களுடையது. பேனா என்னிடம் இருக்கிறது. போட்டுவிட்டு வாருங்கள், டீயும் வர்க்கியும் ஆறிக்கொண்டிருக்கின்றன.