புது பைக்ல என்ஜின் லைட் எரியுது, ஐடில்ல உதறுது: நேயர் கேள்விக்குப் பதில்

வணக்கம். இந்த முறை வந்ததுல ஒரு கேள்வி ரொம்பப் பிடிச்சிருந்தது. கேட்டவர் விவரத்தையெல்லாம் ஒழுங்கா எழுதியிருக்கார். அப்படியே படிக்கிறேன்: "புது பைக், 900 கிலோமீட்டர் ஓடியிருக்கு. சிங்கிள் சிலிண்டர், ஃபியூல் இன்ஜெக்ஷன். வாட்டர் வாஷ் பண்ணின மறுநாள் மஞ்சள் என்ஜின் லைட் வந்தது. சிக்னல்ல நிக்கும்போது ஐடில் உதறுது, சில சமயம் ஆஃப் ஆயிடுது. ஓட்டும்போது ஒண்ணும் தெரியல. பேட்டரி டெர்மினலைக் கழட்டி மாட்டினேன், லைட் போச்சு. ரெண்டு நாள்ல திரும்ப வந்துடுச்சு. இதை எப்படி நிரந்தரமா அணைக்கிறது?"

ஐடில்னா ஆக்சிலேட்டரைத் தொடாம என்ஜின் சும்மா ஓடுறது. முதல்ல அந்த டெர்மினல் விஷயம். இதை நான் எத்தனை பேச்சுல சொல்லியிருக்கேன்னு தொடர்ந்து பார்க்கிறவங்களுக்குத் தெரியும், ஆனாலும் திரும்பச் சொல்றேன். லைட் வந்தா முதல்ல கோடை, அதாவது வண்டி பதிஞ்சு வச்சிருக்கிற கோளாறு நம்பரை (code), படிங்க. படிச்சு எழுதி வச்சதுக்கு அப்புறம் எதை வேணும்னாலும் தொடுங்க. டெர்மினலைக் கழட்டினது, காய்ச்சல் எவ்வளவுன்னு பார்க்காமலே தெர்மாமீட்டரை உதறி வச்ச மாதிரி. சில வண்டிகள்ல கோடு அழிஞ்சே போயிடும். சிலதுல நிரந்தர மெமரியில இருக்கிறதால அழியாது, ஆனா ஈசியூ, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர், ஓட்டத்துல கத்துக்கிட்டு வச்சிருந்த ஐடில் அளவு போயிடும். அதனால டெர்மினலை மாட்டின உடனே ஐடில் இன்னும் மோசமாகலாம். அப்போ எது பழைய கோளாறு, எது நாம புதுசா உண்டாக்கினதுன்னு பிரிக்கவே முடியாது.

லைட்டோட நிறத்தைப் பத்தி வேகமா சொல்லிடறேன். சிவப்பு ஆயில் லைட் உங்க வண்டியில இருந்து, அது என்ஜின் ஓடும்போது எரிஞ்சா, அந்த இடத்துலயே நிறுத்தி என்ஜினை அணைக்கணும். மஞ்சள் என்ஜின் லைட் நிலையா எரிஞ்சா, நிதானமா ஓட்டி சர்வீஸ் சென்டர் வரைக்கும் போகலாம். ஓடும்போது மினுக்கிச்சுன்னா மேனுவலைப் பாருங்க. பல வண்டிகள்ல அது மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டர்ல வெடி தப்புது, அப்படிங்கிற எச்சரிக்கை. எரியாத பெட்ரோல் சைலன்சர்ல இருக்கிற, புகையைச் சுத்தமாக்குற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அதைக் கெடுத்துடும், அதனால ஓட்டக்கூடாது. வேற சில வண்டிகள்ல அந்த மினுக்கலே கோடு நம்பர்தான். சாவி போட்டதும் லைட் எரிஞ்சு ரெண்டு மூணு விநாடியில அணைஞ்சா அது செல்ஃப் செக், கோளாறு கிடையாது. ஏபிஎஸ் லைட் வண்டி கொஞ்ச தூரம் நகர்ந்த பிறகுதான் அணையும். ஐடில் சோதிக்கிறேன்னு சென்டர் ஸ்டாண்ட்ல போட்டு கியர்ல ஓட விடாதீங்க. பின் சக்கரம் சுத்துது, முன் சக்கரம் நிக்குது, அதை ஏபிஎஸ் கோளாறுன்னு எடுத்துக்கிட்டு அந்த லைட்டும் வந்துடும். சாவியை அணைச்சு, திரும்பப் போட்டு, கொஞ்சம் ஓட்டினா பெரும்பாலும் போயிடும்.

சரி, கோடை எப்படிப் படிக்கிறது? இப்போ வர்ற நிறைய பைக்குகள்ல சீட்டுக்கு அடியிலயோ சைடு பேனலுக்குள்ளயோ சிவப்பு நிறத்துல 6 பின் டயக்னாஸ்டிக் கனெக்டர் இருக்கும். அதுக்கேத்த அடாப்டர் கேபிளும் கோளாறு கோடைப் படிக்கிற ஒரு ஓபிடி ஸ்கேனரும் இருந்தா படிச்சிடலாம். சில மாடல்கள்ல லைட்டே மினுக்கிச் சொல்லும். ஹோண்டாவோட பல இன்ஜெக்ஷன் மாடல்கள்ல நீளமா ஒரு மினுக்கல்னா 10, குட்டையா ஒண்ணுன்னா 1. நீளமா ரெண்டு, குட்டையா ஒண்ணு வந்தா 21, அது ஆக்சிஜன் சென்சார் சுற்று, அதாவது சைலன்சர் புகையில ஆக்சிஜனைப் பார்க்கிற சென்சாரோடது. குட்டையா எட்டு வந்தா த்ராட்டில் பொசிஷன் சென்சார் சுற்று, அதாவது ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்குன்னு சொல்ற சென்சாரோடது.

"சுற்று"ன்னு நான் அழுத்திச் சொல்றதைக் கவனிங்க. பலர் சறுக்குறது இந்த இடத்துலதான். எந்த சுற்றுல சிக்னல் எதிர்பார்த்த எல்லைக்குள்ள இல்லைன்னுதான் கோடு சொல்லுது. அந்த பார்ட் செத்துப் போச்சுன்னு அது சொல்லவே இல்லை. உதாரணத்துக்கு ஸ்கேனர்ல வர்ற பி 0122. த்ராட்டில் சென்சார் சிக்னல் ரொம்பக் குறைவுன்னு அர்த்தம். அந்த சென்சாருக்கு ஈசியூ 5 வோல்ட் கொடுக்குது, ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது நிறைய வண்டிகள்ல 0.5, 0.7 வோல்ட் மாதிரி திரும்பி வரும். அது வரலைன்னா சென்சார் போயிருக்கலாம், கனெக்டர்ல தண்ணி இருக்கலாம், ஒரு பின் பின்னாடி தள்ளிப் போயிருக்கலாம், ஹாண்டில்பார் திருப்பும்போது இழுபட்டு ஒயர் அறுந்திருக்கலாம். நாலுக்கும் ஒரே கோடு. அதே மாதிரி பி 0171, கலவையில பெட்ரோல் கம்மின்னு வந்தா உடனே ஆக்சிஜன் சென்சாரை மாத்திடறாங்க. அது பார்த்ததைச் சொன்ன சென்சார், மாத்த வேண்டியது அதுவா இல்லாம இருக்கலாம். சைலன்சர் சேர்ற இடத்துல கேஸ்கெட் கசிஞ்சு வெளிக்காத்து உள்ள போனாலும் அதே கோடு வரும்.

இந்தக் கேள்வியில எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்ட வரி, "ஓட்டும்போது ஒண்ணும் தெரியல". ஐடில்ல மட்டும் ஏன் உதறணும்? ஐடில்ல, என்ஜினுக்குக் காத்து போற வழியை மூடித் திறக்கிற த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கு. என்ஜின் இழுக்கிற காத்து ரொம்பக் கொஞ்சம், அதையும் ஐடில் ஏர் கண்ட்ரோல் வால்வு வழியா ஈசியூ அளந்து விடுது. அந்த நேரத்துல இன்டேக் ரப்பர்ல ஊசி நுழையுற அளவு ஓட்டை இருந்தாலும், உள்ள போற காத்துல அது பெரிய பங்கு. ஆக்சிலேட்டரைத் திறந்துட்டா மொத்தக் காத்து பல மடங்கு ஆயிடுது, அந்த ஓட்டை கணக்குலயே வராது. தீப்பொறி கொஞ்சம் பலவீனமா இருந்தாலும், சிலிண்டர் ஹெட்ல ஒரு வால்வு சரியா மூடாட்டியும் இதே கதைதான். சின்னக் கோளாறு முதல்ல ஐடில்லதான் முகம் காட்டும். அதனால ஐடில் உதறல்னா பெரிய செலவுன்னு பயப்பட வேண்டாம். சின்ன இடங்களை ஒழுங்கா பார்த்தாலே போதும்.

அதுக்கும் முன்னாடி, அது நிஜமாவே கோளாறுதானா? சிங்கிள் சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் வெடிக்கும். 1400 ஆர்பிஎம்னா நிமிஷத்துக்கு 700 வெடி. கண்ணாடி ஆடுறது, ஃபுட்ரெஸ்ட் அதிர்றது அதோட இயல்பு. ஒரே சீரா அதிர்ந்தா விட்டுடுங்க. தாளம் தப்பணும், டக் டக்னு போயிட்டு ஒண்ணு விழுங்கணும், இல்ல ஆர்பிஎம் 1100க்கு இறங்கி 1700க்கு ஏறி ஊசலாடணும், அப்போதான் கோளாறு. நிறைய 150, 250 சிசி வண்டிகளுக்கு சூடான ஐடில் 1400ல 100 கூடக் குறைய. உங்க வண்டியோட அளவு மேனுவல்ல இருக்கும். குளிர்ந்த என்ஜின்ல அதைவிட அதிகமா ஓடுறது சரிதான்.

இப்போ வாட்டர் வாஷுக்கு வருவோம். சாவியை அணைச்சுடுங்க, இது முக்கியம். சாவி போட்டிருக்கும்போது கனெக்டரைப் பிடுங்கினா ஈசியூ அதையே ஒரு புதுக் கோளாறா பதிஞ்சிடும். அந்தத் த்ராட்டில் தகடு இருக்கிற பாகம்தான் த்ராட்டில் பாடி, அது மேல இருக்கிற கனெக்டர்களை ஒவ்வொண்ணா பாருங்க. லாக்கை அமுக்கி, பிளாஸ்டிக்கைப் பிடிச்சு இழுங்க, ஒயரைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. உள்ள மூணு விஷயம் பார்க்கணும். தண்ணித் துளியோ பச்சைப் பூப்போ இருக்கா, சுத்தி இருக்கிற ரப்பர் சீல் மடிஞ்சிருக்கா, பின்கள் எல்லாம் ஒரே மட்டத்துல நிக்குதா. ஈரம் இருந்தா எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, காய விட்டு, சீல் மேல டைஎலக்ட்ரிக் கிரீஸ் லேசா தடவி, "டிக்"னு லாக் விழுற வரைக்கும் அமுக்குங்க. அடுத்தது ஸ்பார்க் பிளக் குழி. அங்க தண்ணி தேங்கினா தீப்பொறி பிளக் முனைக்குப் போகாம பக்கவாட்டுல என்ஜினுக்குத் தாவும், ஐடில்ல வெடி விழுங்கும். பல என்ஜின்கள்ல அந்தக் குழிக்கு ஒரு சின்ன வடிகால் ஓட்டை உண்டு, சேறு அடைச்சிருந்தா குத்தி விடுங்க. ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியில மூடி போட்ட ஒரு டியூப் தொங்கும், அதையும் திறந்து பாருங்க. தண்ணி வந்தா ஃபில்டரும் நனைஞ்சிருக்கலாம். தண்ணிக்குப் பதிலா ஆயில் வந்தா, என்ஜின் ஆயிலை அளவுக்கு மேல ஊத்தியிருக்காங்களான்னு பார்க்கணும். கூடுதல் ஆயில், என்ஜின் ஆவி வெளியேறுற பிரீதர் ஹோஸ் வழியா ஏர் பாக்ஸுக்கு ஏறி த்ராட்டில் பாடியை அழுக்காக்கும்.

அப்புறம் த்ராட்டில் பாடியையும் சிலிண்டர் ஹெட்டையும் சேர்க்கிற ரப்பரோட கிளாம்ப். அது லூஸா இருக்கான்னு கையால ஆட்டிப் பாருங்க. என்ஜின் ஓடும்போது அந்த ஓரத்துல சோப்புத் தண்ணியை லேசா ஸ்பிரே பண்ணினா, கசிவு இருந்தா ஐடில் உடனே மாறும். சூடான என்ஜின் மேல கார்புரேட்டர் கிளீனர் அடிச்சுச் சோதிக்கிற பழக்கம் இருக்கு, அது தீப்பிடிக்கிற சரக்கு, வேண்டாம்.

பேட்டரி பத்தி தனிப் பேச்சு இருக்கு, இங்க மூணு எண் மட்டும். என்ஜின் அணைஞ்சு சில மணி நேரம் கழிச்சு 12.6 வோல்ட் பக்கம். செல்ஃப் அடிக்கும்போது 10க்குக் கீழே போகக் கூடாது. ஆர்பிஎம் ஏத்தினா 13.5க்கும் 14.5க்கும் நடுவுல. புது வண்டியில டெர்மினல் போல்ட் லூஸா இருக்கிறது சாதாரணமா நடக்குது. நீங்க வேற கழட்டி மாட்டியிருக்கீங்க, அதனால நல்லா முறுக்கியிருக்கான்னு பாருங்க.

உண்மையில நீங்க லைட்டை எப்படி அணைக்கிறதுன்னு கேட்டிருக்க வேண்டாம். லைட் வந்த நேரத்துல வண்டி எந்த நிலைமையில இருந்தது, அதுல இருந்து என்ன தெரியும்? அந்தக் கேள்விக்குத்தான் எனக்குப் பதில் சொல்ல ஆசை. காலையில குளிர்ந்த என்ஜின்ல மட்டும் உதறினா ஐடில் வால்வு, டெம்பரேச்சர் சென்சார் பக்கம் போங்க. நல்லா சூடான பிறகு மட்டும்னா சிலிண்டர் ஹெட்ல இருக்கிற வால்வோட கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளுற பாகத்துக்கும் நடுவுல விடுற இடைவெளி. புது என்ஜின்ல வால்வு தன் சீட்ல படிய படிய இடைவெளி குறையும், அதனாலதான் ஆரம்ப சர்வீஸ்லயே அதைப் பார்க்கச் சொல்ற கம்பெனிகள் உண்டு. 0.1 மில்லிமீட்டரைச் சுத்தின அளவு அது, குளிர்ந்த என்ஜின்லதான் அளக்கணும். பெட்ரோல் போட்ட உடனே உதறினா, டேங்கை வாய் வரைக்கும் நிரப்பியிருக்கீங்களான்னு யோசிங்க. பெட்ரோல் ஆவியைப் பிடிச்சு வைக்கிற கரி டப்பாவுக்குள்ள, அதாவது கேனிஸ்டருக்குள்ள, பெட்ரோலே இறங்கி, அங்கிருந்து என்ஜின் கூடுதலா இழுத்து மூச்சு முட்டும். டேங்க் கழுத்தோட அடி விளிம்பு வரைக்கும் போதும். கியர் போட்டு கிளட்ச் பிடிச்சு நிக்கும்போது மட்டும் அணைஞ்சா, கிளட்ச் முழுசா விடுபடல. லீவர் முனையில பொதுவா 10ல இருந்து 20 மில்லிமீட்டர் ஆட்டம்னு மேனுவல்ல இருக்கும், உங்க அளவைப் பார்த்து கேபிளைச் சரி பண்ணுங்க. கூடுதல் லைட்டோ ஹாரனோ போட்ட பிறகு ஆரம்பிச்சதா? எந்த ஒயரை உரிச்சு இணைச்சாங்கன்னு பாருங்க. சென்சாருக்குப் போற ஒயர்ல கை வச்சிருந்தா அங்கேயே விடை இருக்கு.

இந்தத் தகவலை ஈசியூவும் எழுதி வைக்கிறது உண்டு. கோடு பதிஞ்ச அந்த நொடியில ஆர்பிஎம் என்ன, என்ஜின் சூடு என்ன, த்ராட்டில் எவ்வளவு திறந்திருந்ததுன்னு ஃப்ரீஸ் ஃபிரேம்ல சேமிக்கும். வாரண்டியில வண்டியை விடும்போது "லைட் எரியுது"ன்னு மட்டும் ஜாப் கார்டுல எழுத விடாதீங்க. கோடு நம்பரும் ஃப்ரீஸ் ஃபிரேம் விவரமும், எதைச் சரி பண்ணினாங்கங்கிறதும் அதுல இருக்கணும். அழிக்கிறதுக்கு முன்னாடி படிக்கச் சொல்லுங்க, மறுபடியும் அதேதான் சொல்றேன். கனெக்டரைக் காய வச்சதும் உதறல் நின்னும் லைட் உடனே அணையலைன்னா கவலைப்படாதீங்க. ஓபிடி முறையில கோளாறு திரும்ப வராம மூணு ஓட்டம் முடிஞ்சாத்தான் பொதுவா லைட் அணையும். கோடு அதுக்கப்புறமும் உள்ள இருக்கும், 40 தடவை சூடாகி ஆறின பிறகுதான் தானா போகும். அதனால லைட் அணைஞ்ச பிறகு போனாலும் படிக்க முடியும்.

கடைசியா, டெர்மினலைக் கழட்டினதால கலைஞ்ச ஐடில். ஆக்சிலேட்டரைத் தொடாம சாவியைப் போட்டு, ஃபியூல் பம்ப் சத்தம் நின்ன பிறகு ஸ்டார்ட் பண்ணி, அப்படியே 10 நிமிஷம் வெட்டவெளியில ஐடில்ல விடுங்க. நிறைய வண்டிகள் அதுலயே பழைய அளவைப் பிடிச்சுக்கும். சில மாடலுக்குத் தனி முறை இருக்கும், மேனுவல்ல பாருங்க. அப்படியும் 1400 பக்கம் நிக்கலைன்னா, சர்வீஸ் சென்டர்ல ஸ்கேன் கருவியை இணைச்சு ஐடில் வால்வை ரீசெட் பண்ணச் சொல்லுங்க. த்ராட்டில் பாடியில பெயின்ட் வச்சு மூடின ஒரு ஸ்டாப் ஸ்க்ரூ இருக்கும், ஐடில் ஏத்தறேன்னு அதைத் திருப்பிடாதீங்க. த்ராட்டில் சென்சாரோட பூஜ்ய நிலை அதை வச்சுத்தான் அமைஞ்சிருக்கு, அதைத் திருப்பினா இல்லாத கோடு ஒண்ணு புதுசா வரும்.