வெளியேறுவது சரி, எந்த வாசல் வழியாக?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2016 ஜூன் 23ஆம் தேதி பிரிட்டன் வாக்குச்சாவடிகளில் கொடுத்த சீட்டில் இரண்டே கட்டங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர வேண்டும் என்பது ஒன்று, விட்டு வெளியேற வேண்டும் என்பது மற்றொன்று. பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டால் வேலை முடிந்தது. வெளியேற வேண்டும் என்று 1,74,10,742 பேர் குறித்தார்கள். தொடர வேண்டும் என்று 1,61,41,241 பேர். சதவீதத்தில் 51.9க்கு 48.1.

அதன் பிறகு மூன்றரை ஆண்டுகள் அந்த நாட்டு அரசியலில் வேறெதுவும் நகரவில்லை. மக்கள் ஏமாந்து வாக்களித்தார்கள், அதனால்தான் என்பார்கள் ஒரு தரப்பினர். தோற்றவர்கள் தீர்ப்பை ஏற்கவில்லை, அதனால்தான் என்பார்கள் மறு தரப்பினர். இரண்டிலுமே எனக்கு உடன்பாடு இல்லை. வெளியேறுவது என்பது ஒரே சொல். ஆனால் வெளியேறும் வாசல் நான்கு. எந்த வாசல் என்று சீட்டு கேட்கவில்லை. அந்தக் கேட்காத கேள்வியில்தான் நாடாளுமன்றம் சிக்கித் திணறியது. இன்று அதைத்தான் விளக்கப் போகிறேன்.

முதலில் சட்டம். வாக்கெடுப்புக்காக 2015இல் இயற்றிய சட்டத்தில் கேள்வியின் வாசகம் இருந்தது. யார் யார் வாக்களிக்கலாம் என்பது இருந்தது. முடிவு அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் என்று எங்கும் இல்லை. இத்தனை சதவீதம் வேண்டும் என்ற வரம்பும் இல்லை. பிரிட்டனுக்கு வரம்பு வைக்கத் தெரியாமல் இல்லை. 1979இல் ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று கேட்டபோது, மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேர் ஆதரிக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். வாக்களித்தவர்களில் 51.6 சதவீதம் பேர் ஆதரித்தும், மொத்த வாக்காளர்களில் அது 32.9 சதவீதமே ஆனதால் திட்டம் கைவிடப்பட்டது. அதே கோலால் 2016ஐ அளந்தால் 37.4 சதவீதம் வரும். அப்படி ஒரு வரம்பு இருந்திருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. ஜெயித்தும் தோற்றோம் என்ற மனக்குறையை அது வேறு விதமாக வளர்த்திருக்கும். வெளியேறுவதென்றால் இன்ன முறையில் என்று ஒரு வரைவை மக்கள் முன் வைக்காததுதான் உண்மையான குறை. வெளியேறச் சொல்லும் முடிவை எதிர்பார்க்காத அரசு, அதற்கான திட்டத்தையும் எழுதி வைக்கவில்லை.

இடையில் ஒரு செய்தி, நம்மவர்களுக்குத் தொடர்புள்ளது. அந்த வாக்கெடுப்பில் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களும் வாக்களிக்கலாம். பிரிட்டனில் குடியிருந்த இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கு வாக்கு உண்டு. அங்கேயே இருபது ஆண்டு வாழ்ந்த போலந்துக்காரருக்கோ பிரெஞ்சுக்காரருக்கோ கிடையாது. முடிவால் நேரடியாகப் பாதிக்கப்படவிருந்தவர்கள் அவர்கள்தான்.

முடிவு வந்த மறுநாள் காலையிலேயே பிரதமர் டேவிட் கேமரன் பதவி விலகுவதாக அறிவித்தார். அடுத்த பிரதமர் என்று எல்லோரும் எதிர்பார்த்த போரிஸ் ஜான்சன், கூட்டாளி மைக்கேல் கோவ் தானே களமிறங்கியதும் ஜூன் 30 அன்று ஒதுங்கிக்கொண்டார். எதிர்க்கட்சியிலும் பூகம்பம். தலைவர் ஜெரமி கார்பின் மீது தொழிற்கட்சி எம்.பி.க்கள் 172க்கு 40 என்ற கணக்கில் நம்பிக்கையில்லை என்றார்கள். கட்சித் தொண்டர்கள் செப்டம்பரில் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். ஜூலை 13 அன்று தெரசா மே பிரதமரானார். அவர் தொடர வேண்டும் என்ற பக்கம் நின்றவர். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த நான்கு வாசல்கள்.

முதலாவது நார்வே வழி. ஒன்றியத்தில் உறுப்பினர் இல்லை, ஆனால் ஒற்றைச் சந்தைக்குள் இருப்பது. பொருளுக்கு ஒரே தர விதி. ஆட்கள் தடையின்றி வந்து வேலை செய்யலாம். ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். விதி எழுதும் மேசையில் வாக்கு கிடையாது. இரண்டாவது துருக்கி வழி. தொழிற்சாலைப் பொருட்களுக்குச் சுங்க ஒன்றியம்: உள்ளே வரி இல்லை, வெளி நாட்டுப் பொருளுக்கு எல்லோரும் ஒரே வரி. ஆட்கள் வந்து போகும் உரிமை இல்லை. வெளி நாடுகளோடு தனியாக வரிக்குறைப்பு ஒப்பந்தம் போடும் சுதந்திரமும் இல்லை. மூன்றாவது கனடா வழி. வெறும் வர்த்தக ஒப்பந்தம். வரி பெரும்பாலும் இல்லை, எல்லைச் சோதனை உண்டு. நான்காவது, ஒப்பந்தமே இல்லாமல் போவது.

ஒற்றைச் சந்தையும் சுங்க ஒன்றியமும் ஒன்றுதான் என்று பல எம்.பி.க்களே குழப்பிக்கொண்டார்கள். நார்வே ஒற்றைச் சந்தையில் இருக்கிறது, சுங்க ஒன்றியத்தில் இல்லை. அதனால்தான் நார்வே–ஸ்வீடன் எல்லையில் இன்றும் சுங்கச் சாவடி இருக்கிறது, லாரி நிற்கிறது, தாள் காட்ட வேண்டியிருக்கிறது. எல்லையில் ஒரு லாரியும் நிற்கக் கூடாது என்றால் இரண்டுமே வேண்டும். வடக்கு அயர்லாந்துக்கு வரும்போது இந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

வெளியேறும் சட்ட வழி ஒன்றிய ஒப்பந்தத்தின் 50ஆவது பிரிவு. விலகுவதாகக் கடிதம் கொடுத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். அதற்குள் உடன்பாடு வராவிட்டால் தானாக வெளியே. நீட்டிக்க மற்ற எல்லா நாடுகளும் ஒருமனதாக ஒப்ப வேண்டும். அதாவது கடிதம் கொடுத்த நொடியிலிருந்து கடிகாரம் எதிராளியின் பக்கம். நாடாளுமன்றத்தைக் கேட்காமலே கடிதம் கொடுக்கலாம் என்று அரசு நினைத்தது. உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரி 24 அன்று 8க்கு 3 என்ற கணக்கில் கூடாது என்றது. மக்கள் உரிமைகள் சட்டத்தால் வந்தவை, சட்டத்தால்தான் போக வேண்டும். சட்டம் நிறைவேறியது, மார்ச் 29 அன்று கடிதம் போனது. உள்ளுக்குள் எந்த வாசல் என்று முடிவாகாமலே கடிகாரத்தை ஓடவிட்டது முதல் பெரும் பிழை.

இரண்டாவது பிழை மூன்றே வாரத்தில். கையில் இருந்த பெரும்பான்மையைக் கூட்டிக்கொள்ள மே முன்கூட்டித் தேர்தல் அறிவித்தார். ஜூன் 8 அன்று இருந்ததும் போயிற்று. பிரிட்டனோடு சேர்ந்திருக்க விரும்பும் வடக்கு அயர்லாந்தின் ஜனநாயக ஒன்றியக் கட்சி, சுருக்கமாக டி.யு.பி., தன் 10 எம்.பி.க்களோடு வெளியிலிருந்து ஆதரவு தந்தது. அந்தப் பகுதிக்கு 100 கோடி பவுண்டு கூடுதல் நிதி ஒதுக்கப்பட்டது. எந்த எல்லை மிகக் கடினமான முடிச்சோ, அந்த எல்லையில் ஒரு பக்கத்தாரின் பத்து வாக்கில் அரசு உயிர் வாழ்ந்தது.

பிரிட்டனின் பகுதியான வடக்கு அயர்லாந்துக்கும், ஒன்றியத்தில் தொடரும் அயர்லாந்துக் குடியரசுக்கும் நடுவிலுள்ள எல்லை ஏறத்தாழ 500 கிலோமீட்டர். இருநூறுக்கும் மேற்பட்ட சாலைகள் அதைக் கடக்கின்றன. வயல் ஒரு நாட்டில், கொட்டகை மறு நாட்டில் என்று பண்ணைகள் உண்டு. பிரிட்டனோடு இருக்க விரும்பும் சமூகத்துக்கும் அயர்லாந்தோடு சேர விரும்பும் சமூகத்துக்கும் நடுவே நடந்த முப்பது ஆண்டு ரத்தக்களரியில் அந்த எல்லைச் சாவடிகள் குண்டுக்கு இலக்கானவை. 1998 ஏப்ரல் 10இல் கையெழுத்தான பெல்ஃபாஸ்ட் அமைதி உடன்படிக்கைக்குப் பிறகு கண்காணிப்புக் கோபுரங்கள் இறங்கின. இன்று வேகப் பலகையில் மைல் போய் கிலோமீட்டர் வருவதுதான் நாடு மாறியதற்கு அடையாளம்.

பிரிட்டன் அரசு மூன்று வாக்குறுதி கொடுத்தது. ஒற்றைச் சந்தையையும் சுங்க ஒன்றியத்தையும் விடுவோம். அயர்லாந்துத் தீவில் எல்லைச் சாவடி வராது. வடக்கு அயர்லாந்துக்கும் மற்ற பிரிட்டனுக்கும் நடுவிலும் எந்தச் சோதனையும் வராது. மூன்றில் எந்த இரண்டை வேண்டுமானாலும் காப்பாற்றலாம், மூன்றையும் முடியாது. விதி வேறானால் எங்காவது சரக்கைப் பார்த்தாக வேண்டும்.

தெரசா மே முதல் வாக்குறுதியைத் தளர்த்தினார். வேறு வழி கிடைக்கும்வரை பிரிட்டன் முழுவதும் ஒரே சுங்க எல்லைக்குள் இருக்கும் என்ற 'பேக்ஸ்டாப்' காப்பு ஏற்பாட்டைச் சேர்த்து 585 பக்க ஒப்பந்தம் கொண்டுவந்தார். 2019 ஜனவரி 15 அன்று நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை அதை 432க்கு 202 என்று நிராகரித்தது. தன் அரசின் தீர்மானம் 230 வாக்கில் தோற்றது அந்த நாட்டின் நவீன வரலாற்றில் இல்லாத ஒன்று. மார்ச் 12இல் 149 வாக்கில் தோற்றது. மூன்றாம் முறை கொண்டுவர முயன்றபோது, ஒரே தீர்மானத்தை ஒரே கூட்டத்தொடரில் திரும்பத் திரும்ப வைக்கக் கூடாது என்ற 1604ஆம் ஆண்டு மரபைச் சபாநாயகர் எடுத்துக் காட்டினார். ஆகவே எதிர்கால உறவைப் பற்றிக் கூடவே வந்த அரசியல் பிரகடனத்தைப் பிரித்துவிட்டு ஒப்பந்தத்தை மட்டும் மார்ச் 29 அன்று வைத்தார்கள். 58 வாக்கில் தோற்றது.

ஏப்ரல் 1 இரவைச் சற்று அருகில் போய்ப் பாருங்கள். அரசின் வழி வேண்டாம் என்றால் உங்கள் வழி என்ன என்று எம்.பி.க்கள் தங்களையே கேட்டுக்கொண்டு நான்கு யோசனைகளுக்கு வாக்களித்தார்கள். சுங்க ஒன்றியம்: 273 ஆதரவு, 276 எதிர்ப்பு. நார்வே வழியும் சுங்க ஒன்றியமும் சேர்ந்தது: 261, 282. மீண்டும் மக்களிடம் கேட்பது: 280, 292. ஒப்பந்தமில்லாத நிலை வந்தால் கடிதத்தையே திரும்பப் பெறுவது: 191, 292. நான்கும் தோல்வி. சுங்க ஒன்றியம் வெறும் மூன்றே வாக்கில். மறு வாக்கெடுப்பு கேட்டவர்கள் சிலர் சுங்க ஒன்றியத்துக்குக் கை கொடுக்கவில்லை; அது நிறைவேறினால் தங்கள் வழி அடைபடும் என்று பயந்தார்கள். பிரெக்ஸிட் என்று பெயர் பெற்ற இந்த வெளியேற்றத்தை முழுமையாக விரும்பிய கடும் பிரெக்ஸிட்காரர்கள் எல்லாவற்றையும் எதிர்த்தார்கள். கடிகாரம் தங்களுக்காக ஓடுவதாக எண்ணினார்கள். ஒவ்வொருவருக்கும் தன் முதல் விருப்பம் இன்னும் உயிரோடு இருப்பதாகத் தோன்றும்வரை இரண்டாம் விருப்பத்துக்கு யாரும் இறங்கி வருவதில்லை. ஒவ்வொரு நாளும் அன்றைய கணக்கில் நியாயமாக நடந்துகொண்டவர்கள்தான் சேர்ந்து முட்டுச்சந்தில் நின்றார்கள்.

ஜூலையில் ஜான்சன் பிரதமரானார். நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் ஒத்திவைத்ததை உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகச் செல்லாது என்றார்கள். கொறடா உத்தரவை மீறிய சொந்தக் கட்சி எம்.பி.க்கள் 21 பேரை ஒரே இரவில் கட்சிக் குழுவிலிருந்து நீக்கினார். முடிச்சை அவர் அவிழ்த்த விதம் எளிது: மூன்றாவது வாக்குறுதியை விட்டுக்கொடுத்தார். எல்லைச் சோதனை வடக்கு அயர்லாந்துக்கும் மற்ற பிரிட்டனுக்கும் நடுவிலுள்ள கடலுக்குப் போயிற்று. தன் கன்சர்வேட்டிவ் கட்சியின் எந்த அரசும் அப்படிக் கையெழுத்திடாது என்று முந்தைய ஆண்டுதான் டி.யு.பி. மாநாட்டில் பேசியிருந்தார். டிசம்பர் 12 தேர்தலில் 365 இடம், 80 பெரும்பான்மை. சுரங்கத் தொழிலாளர் பகுதியான போல்ஸோவரும், டோனி பிளேர் இருந்த செட்ஜ்ஃபீல்டும் தொழிற்கட்சியை விட்டுப் போயின. 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு பிரிட்டன் வெளியேறியது.

கடல் எல்லை என்றால் நடைமுறையில் என்ன? 2021 ஜனவரி முதல், ஸ்காட்லாந்திலிருந்து வடக்கு அயர்லாந்தின் லார்ன் துறைமுகத்துக்குக் கப்பலேறும் பல்பொருள் அங்காடி லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். சுங்கப் படிவம் ஒன்று, பாதுகாப்புப் படிவம் ஒன்று. உள்ளே இறைச்சியோ பாலோ இருந்தால் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சான்றிதழ். ஒரே லாரியில் நூற்றுக்கணக்கான பொருள் கலந்து போகும். அதனால்தான் சான்றிதழுக்குச் சலுகைக் காலம் கேட்டு வாங்கினார்கள். தொத்திறைச்சி, அதாவது சாசேஜ், கதை இன்னும் விசித்திரம். உறைய வைக்காத, வெறுமனே குளிரூட்டிய தொத்திறைச்சியை வெளி நாட்டிலிருந்து ஒன்றியம் அனுமதிப்பதே இல்லை. ஒரே நாட்டின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குத் தொத்திறைச்சி போகலாமா என்பது பிரிட்டனும் ஒன்றியமும் நடத்திய பேச்சுவார்த்தையின் பொருளாயிற்று.

இதன் விலையை வடக்கு அயர்லாந்து மக்கள் கொடுத்தார்கள். 2022 பிப்ரவரியில் டி.யு.பி. முதல் அமைச்சர் பதவி விலகினார். அங்கே இரு சமூகங்களும் சேர்ந்துதான் ஆட்சி நடத்த முடியும். ஒரு பக்கம் எழுந்து போனால் அமைச்சரவையே இல்லை. அந்த மே மாதத் தேர்தலில், அயர்லாந்தோடு சேர விரும்பும் சின் ஃபெயின் கட்சி 27 இடத்தோடு முதல் முறையாகத் தனிப்பெரும் கட்சியானது. ஆனாலும் இரண்டு ஆண்டுகள் அரசு அமையவில்லை. 2023 பிப்ரவரி 27இல் பிரிட்டனும் ஒன்றியமும் செய்துகொண்ட வின்ட்சர் ஏற்பாடு, வடக்கு அயர்லாந்திலேயே தங்கும் சரக்குக்குப் பச்சைத் தடம், அயர்லாந்துக் குடியரசுக்குப் போகக்கூடியதற்குச் சிவப்புத் தடம் என்று பிரித்தது. 2024 பிப்ரவரி 3 அன்றுதான் சின் ஃபெயினின் மிஷெல் ஓநீல் முதல் அமைச்சரானார்.

ஸ்காட்லாந்து 62 சதவீதம் தொடர வேண்டும் என்று சொன்ன நாடு. விலகல் சட்டத்துக்கு அதன் நாடாளுமன்றம் 93க்கு 30 என்று ஒப்புதல் மறுத்தது. லண்டன் அதை மீறி நிறைவேற்றியது. தனிநாட்டு வாக்கெடுப்பைத் தானே நடத்த அதற்கு அதிகாரமில்லை என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழி இப்போதைக்கு அடைபட்டது.

பிறகு வந்த எல்லாவற்றையும் இந்த வாக்கெடுப்பின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஜான்சனைப் பெருந்தொற்றுக் கால விருந்துகளும், அடுத்த பிரதமர் லிஸ் டிரஸ்ஸை அவருடைய வரிக்குறைப்புத் திட்டமும் வீழ்த்தின. ஆனால் 2019இல் பிரெக்ஸிட்டுக்காகவே கன்சர்வேட்டிவ் பக்கம் வந்த வாக்குகள் நிலைக்கவில்லை. 2024 ஜூலையில் அந்தக் கட்சி 121 இடத்துக்குச் சுருங்கியது. பிரெக்ஸிட் கட்சியாகத் தொடங்கிப் பெயர் மாற்றிக்கொண்ட ரிஃபார்ம் கட்சி 14.3 சதவீத வாக்கு வாங்கியது.

கடல் எல்லை தொடரலாமா என்று வடக்கு அயர்லாந்துச் சட்டமன்றம் தானே வாக்களிக்கும் உரிமை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. 2024 டிசம்பர் 10 அன்று 48க்கு 36 என்ற கணக்கில் தொடரட்டும் என்றார்கள். இரு சமூகங்களின் பெரும்பான்மையும் சேர்ந்து ஒப்பியிருந்தால் அடுத்த வாக்கு எட்டு ஆண்டு கழித்து வந்திருக்கும். பிரிட்டனோடு இருக்க விரும்பும் தரப்பினர் எதிர்த்ததால், நான்கே ஆண்டுகளில், 2028இல், மறுபடி வாக்களிக்க வேண்டும்.