தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புத் தரை

நேயர்களுக்கு வணக்கம்.

நாகர்கோவிலில் பஸ் ஏறி திருவனந்தபுரம் போகிறவர்களில் பெரும்பாலோர் தக்கலை வரும்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள். மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் ஒரு கருங்கல் கோட்டை, அதற்குள் ஒரு ஊர், அந்த ஊருக்குள் ஒரு மரமாளிகை. அதுதான் பத்மநாபபுரம். இன்றைக்கு அந்த ஊரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அரண்மனை, நவராத்திரி ஊர்வலம், 1956-ல் எல்லை மாறிய கதை, பிறகு உதயகிரிக் கோட்டை என்று நான்கு விஷயங்கள் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். தரையில் ஆரம்பிக்கிறேன். தரையில் ஆரம்பித்தால் எழுந்திருப்பது கஷ்டம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பழைய பெயர் கல்குளம். வேணாட்டு அரசர்கள் இருந்த இடம். வேணாடுதான் பிறகு திருவிதாங்கூர். 1729-லிருந்து 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா, 1750-ல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு, இனி நான் அவருடைய தாசன் மட்டுமே என்று ஆண்டார். உடைவாளைச் சுவாமியின் காலடியில் வைத்துத் திரும்ப எடுத்துக்கொண்டார். இந்த உடைவாளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும். ஊருக்குப் பத்மநாபபுரம் என்ற பெயர் வந்ததும் அப்படித்தான். 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. ராஜா போனார், மாளிகை நின்றது.

உள்ளே நுழைந்ததும் பூமுகம், அதாவது முகப்பு மண்டபம். மேலே பார்த்தால் மரக்கூரையில் 90 விதமான பூக்கள் செதுக்கியிருக்கும். நடுவில் ஒரு குதிரை விளக்கு தொங்கும். எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் அந்தப் பக்கமே பார்த்து நிற்கும்படி அதன் சங்கிலியைச் செய்திருக்கிறார்கள். எல்லோரும் அண்ணாந்து விளக்கைப் பார்ப்பார்கள். நான் கீழே பார்க்கச் சொல்கிறேன். மேல்மாடியில் ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலை, பிறகு நவராத்திரி மண்டபம், இரண்டு இடத்திலும் தரையைப் பாருங்கள். கறுப்பு. கண்ணாடி மாதிரி பளபளப்பு. தூணின் நிழல் தெரியும்.

கிரானைட் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை. சுண்ணாம்பு.

சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, மணல், முட்டை வெள்ளைக்கரு, கருப்பட்டித் தண்ணீர், சில செடிகளின் சாறு என்று வழிவழியாகச் சொல்வார்கள். சிரட்டை என்பது குமரி மாவட்டத்துப் பேச்சு. வேறு பல ஊர்களில் கொட்டாங்குச்சி. மலையாளத்திலும் சிரட்டைதான். ஊருக்கு எத்தனை முறை எல்லை மாறினாலும் சிரட்டை பெயர் மாற்றிக்கொள்ளவில்லை.

இதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை. முதலில் சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டுத் தண்ணீரில் நீற்றினால் கொதித்துப் புகையும். அதை உடனே பூசக்கூடாது. தண்ணீருக்குள்ளேயே வாரக்கணக்கில் ஊறப்போட்டுப் புளிக்க வைக்க வேண்டும். அவசரப்பட்டால் என்ன ஆகும்? நீறாத கட்டி ஒன்று உள்ளே தங்கிவிடும். ஆறு மாதம் கழித்து அது ஈரத்தைக் குடித்து உப்பும், தரையில் காசு அளவுக்கு ஒரு சில்லு தெறித்து விழும். பழைய வீட்டுச் சுவர்களில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் பார்த்திருப்பீர்கள். அது இந்த அவசரத்தின் அடையாளம்.

அடித்தளப் பூச்சில் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு, மூன்று பங்கு மணல். மேலே வர வர மணல் குறையும், சலிப்பு நயமாகும். கடைசிப் பூச்சில்தான் கரி. அதைத் துணியில் சலிக்க வேண்டும். ஒரு பரல் தப்பினாலும் தேய்க்கும்போது கோடு இழுக்கும். முட்டையில் வெள்ளைக்கரு மட்டும், மஞ்சள்கரு சேர்த்தால் கொழுப்பு வந்து பிடிப்பு விட்டுப்போகும். வெள்ளைக்கரு சுண்ணாம்போடு சேர்ந்து மேலே மெல்லிய தோல் மாதிரி இறுகும், தேய்க்கத் தேய்க்க மினுங்கும். கருப்பட்டித் தண்ணீர் சேர்த்தால் பூச்சு சட்டென்று இறுகாது. கொத்தனாருக்குத் தேய்க்க நேரம் கிடைக்கும்.

தேய்ப்பதுதான் பெரிய வேலை. வழவழப்பான கூழாங்கல்லால் கை ஓயாமல் தேய்க்க வேண்டும். வெயில் படக்கூடாது, காற்று நேராக அடிக்கக்கூடாது. சட்டென்று காய்ந்தால் மயிரிழை மாதிரி வெடிக்கும். ஈரத்துணி போர்த்தி மெதுவாகக் காயவிட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாக மாறுகிறது. அதற்கு நாள் வேண்டும். சுட்ட கிளிஞ்சல் தன் பழைய உருவத்துக்கே திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சரி, இந்தத் தரையை எது கெடுக்கும்? செருப்பு. அரண்மனை வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னால் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. கோயில் மாதிரி மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை. செருப்பின் அடியில் ஒட்டிய ஒரு மணல் பரல் உப்புத்தாள் மாதிரி அறுக்கும். ஒரு நாளில் தெரியாது. பத்து வருஷத்தில் நடைபாதை மட்டும் மங்கிப் போகும், ஓரம் மட்டும் மினுங்கும். அடுத்தது, ஆசிட் கலந்த திரவம் போட்டுத் துடைப்பது. வெற்றிலைக்கு வைக்கும் சுண்ணாம்புக் கட்டி காய்ந்திருந்தால் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைக்கும். தரைக்கும் அதேதான் நடக்கும். மூன்றாவது சிமென்ட். உடைந்த இடத்தில் சிமென்ட் வைத்து ஒட்டுப்போட்டால் அந்த ஒட்டு கெட்டியாக நிற்கும், சுற்றிலும் இருக்கிற பழைய சுண்ணாம்பு பொரிந்து உதிரும். ஏனென்றால் கீழிருந்து வரும் ஈரத்தை சிமென்ட் வெளியே விடாது. ஈரம் பக்கவாட்டில் வழி தேடும், கூடவே உப்பும் போகும். ஆகவே சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பேதான் மருந்து. இதை மறுபடியும் சொல்கிறேன், உங்கள் தாத்தா கட்டிய வீடு சுண்ணாம்பு வீடாக இருந்தால் சிமென்ட் பூசாதீர்கள்.

மரத்தைப் பற்றி ஒரே வரி. கரையான் மரத்தைத் தேடி வரும், ஆனால் பெரும்பாலும் மண் வழியாகத்தான் வரும். அதனால் தூணுக்கு அடியில் கல். கூரை ஓடு ஒன்று நகர்ந்தால் மழைத்தண்ணீர் நேராக ஓட்டைத் தாங்கும் சரிவு மரமான கழுக்கோலின் நுனியில் இறங்கும், இரண்டு பருவமழை போதும். ஒரு ஓட்டை அப்போதே மாற்றினால் ஒரு ஓட்டோடு போகும்.

இப்போது ஒரு வேடிக்கை. இந்த ஓட்டை மாற்ற வேண்டியவர்கள் கேரள அரசின் தொல்லியல் துறையினர். அரண்மனை இருப்பது கன்னியாகுமரி மாவட்டம், தமிழ்நாடு. வாசலுக்கு வெளியே போடும் தார் தமிழ்நாட்டுத் தார், வாசலுக்கு உள்ளே பூசும் சுண்ணாம்பு கேரளத்துச் சுண்ணாம்பு. இரண்டு அரசும் பேசி இதை இப்படியே வைத்திருக்கிறார்கள். யாருக்குச் சொந்தம் என்று கேட்பதைவிட, யார் ஓடு மாற்றுகிறார்கள் என்று கேட்பது எனக்குப் பயனுள்ள கேள்வியாகப் படுகிறது.

நவராத்திரிக்கு வருவோம். ராஜா தலைநகரை மாற்றினாலும் சரஸ்வதி பத்மநாபபுரத்திலேயே தங்கிவிட்டாள். கம்பர் வழிபட்ட விக்கிரகம் என்பது ஐதீகம். அதனால் வருஷாவருஷம் நவராத்திரி பூஜைக்கு அவள் திருவனந்தபுரம் போய்வர வேண்டும். துணைக்கு வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை அம்மன். புறப்படும் முன் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் அந்த உடைவாளைக் கைமாற்றுவார்கள். சரஸ்வதி யானைமேல், மற்ற இருவரும் பல்லக்கில். முதல் ராத்திரி குழித்துறை, இரண்டாவது நாள் களியக்காவிளையில் எல்லை தாண்டி நெய்யாற்றின்கரை, மூன்றாவது நாள் திருவனந்தபுரம். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். களியக்காவிளையில் கேரளத்தார் வந்து வரவேற்கிறார்கள். லாரிக்கு செக்போஸ்ட், சரஸ்வதிக்கு போலீஸ் மரியாதை.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், நேரம் முடியப்போகிறதாம். பத்மநாபபுரத்து மணிக்கூண்டிலும் ஒரு கடிகாரம் உண்டு, அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இன்னும் பத்து நிமிஷம் வேண்டும்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அது பேச்சுவார்த்தையில் மட்டும் வந்ததல்ல. தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. இதற்கே தனியாக ஓர் உரை வேண்டும், இங்கே இரண்டு வரியில் முடிப்பது நியாயமில்லை என்று தெரிந்தேதான் முடிக்கிறேன்.

உதயகிரிக் கோட்டைக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. புலியூர்க்குறிச்சியில், மெயின் ரோட்டோரமே இருக்கிறது. 1741-ல் குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் தோற்றபோது பிடிபட்ட டிலனாய், பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்குப் பயிற்சி கொடுத்தார். வலிய கப்பித்தான் என்பது ஊர் வைத்த பெயர். 1777-ல் இறந்தார். கல்லறை கோட்டைக்குள்ளேயே இருக்கிறது, கல்வெட்டில் லத்தீனும் தமிழும் சேர்ந்து நிற்கின்றன.

போகிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். காலையிலேயே போங்கள், கூட்டம் கூடுவதற்கு முன் தரை தெரியும். திங்கட்கிழமை மட்டும் கிளம்பிவிடாதீர்கள், அரண்மனைக்கு அன்று விடுமுறை. வணக்கம்.